சனிக்கிழமை காலையும் நியூ ஜெர்சிப் புல்லும்

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இது: போன வருடம் நியூ ஜெர்சியில் முதல் வீடு வாங்கியிருக்கிறீர்கள். கால் ஏக்கர் மனை, பின்னால் கொஞ்சம் மரங்கள். வாரம் முழுக்க ஆபீஸ். சனிக்கிழமை விடிந்தால் மோவர், அதாவது புல் வெட்டும் மெஷின். இவ்வளவு பாடுபட்டும் புல் திட்டுத்திட்டாகக் காய்கிறது, ராத்திரியில் ஏதோ வந்து தோண்டிப்போடுகிறது, முயல் வேறு குடியேறிவிட்டது. மருந்தடிக்கும் கம்பெனி ஆள் வருடத்துக்கு ஆறு தடவை வருவதாகச் சொல்லி ஒப்பந்தத்தை நீட்டுகிறார். கையெழுத்துப் போடலாமா?

இப்போதைக்கு வேண்டாம். அடுத்த மூன்று சனிக்கிழமைகளுக்கு உங்களுக்கு ஒரே வேலைதான். ஆறரை மணிக்குக் காபி டம்ளரோடு பின்பக்க டெக்கில் போய் உட்காருங்கள். ஒன்பதரை வரை மோவர் இருக்கும் ஷெட்டைத் திறக்காதீர்கள்.

கிண்டல் இல்லை. பனி காயாத புல்லை வெட்டவே கூடாது. ஈரப்புல் வெட்டுப்படாமல் கிழியும், மோவரின் அடியில் அப்பிக்கொள்ளும், கட்டிகட்டியாக விழுந்து கீழே இருக்கும் புல்லை அழுகவைக்கும். தவிர, வார இறுதியில் இத்தனை மணிக்கு முன்னால் மோவர் சத்தம் கூடாது என்று பல டவுன்ஷிப்களில் விதியே இருக்கிறது. ஆக, அந்த மூன்று மணி நேரம் யாரும் உங்களைக் குறை சொல்ல முடியாத நேரம். அப்போது யார் யார் வருகிறார்கள், புல்லில் எங்கே கொத்துகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தாலே புல்லுக்கு என்ன வியாதி என்பது பாதி தெரிந்துவிடும். மத்திய ஜெர்சியில் 17 வருடமாக ஒரு பேக்யார்டோடு மல்லுக்கட்டுகிறேன். உரப்பையின் பின்பக்கத்தைப் படித்துக் கற்றதைவிட இப்படி உட்கார்ந்து கற்றதுதான் எனக்கு அதிகம்.

முதலில் வருவது ராபின். செங்கல் நிற மார்பு, நம் ஊர் மைனா அளவு. நாலு எட்டு ஓடும், சட்டென்று நிற்கும், தலையை ஒரு பக்கம் சாய்க்கும். தரைக்குக் காது கொடுப்பது போலத் தெரியும். அதற்குக் கண் இரண்டும் தலையின் பக்கவாட்டில் இருப்பதால், தரையை உற்றுப் பார்க்க அப்படித்தான் சாய்த்தாக வேண்டும். பிறகு ஒரு கொத்து. மண்புழுவின் பாதி வெளியே, பாதி உள்ளே. ராபின் இரண்டு காலையும் ஊன்றிப் பின்னால் சாய்ந்து இழுக்கும். புழு ரப்பர் பேண்ட் மாதிரி நீளும். கடைசியில் வழுக்கிக்கொண்டு வெளியே வரும்போது பறவை லேசாகத் தடுமாறும். ராபின் புழு இழுக்கிற இடத்தில் மண் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அங்கே கை வைக்காதீர்கள்.

ஸ்டார்லிங் வேறு சங்கதி. மைனா குடும்பம்தான், கிட்டத்தட்ட சித்தப்பா பிள்ளை முறை. 1890இல் நியூ யார்க் சென்ட்ரல் பார்க்கில் ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட கூட்டத்தின் வாரிசுகள். இவை தனியாக வராது. இருபது முப்பது சேர்ந்து வந்து, ஒரே இடத்தில் அலகைக் குத்திக் குத்தித் திறந்து பார்த்துக்கொண்டே நடக்கும். இரண்டு மூன்று வாரமாக அதே இடத்துக்கே வந்தால், அங்கே மண்ணுக்கடியில் புல் வேரைத் தின்னும் வெள்ளைப்புழு இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ராத்திரியில் வந்து தோண்டுபவரும் அதைத் தேடித்தான் வருகிறார். கூம்பு வடிவில் இரண்டு மூன்று அங்குலக் குழிகள் என்றால் ஸ்கங்க், நாற்றம் பீச்சுகிற கருப்பு வெள்ளைப் பிராணி. புல்தரையைப் பாய் சுருட்டுகிற மாதிரி உருட்டிவிட்டிருந்தால் ரக்கூன், கண்ணைச் சுற்றிக் கருப்புப் பட்டை உள்ள பிராணி. அதற்குக் கை இருக்கிறது, அதனால் வேலை சுத்தமாக இருக்கும். இரண்டையும் விரட்டுவதற்குச் செலவு செய்யாதீர்கள். சாப்பாடு தீர்ந்தால் தானாகப் போய்விடும். ஸ்கங்கை விரட்டப் போய் அது வாலைத் தூக்கிவிட்டால் ஒரு வாரம் வீட்டுக்குள் யாரும் உங்களைச் சேர்க்க மாட்டார்கள்.

சாப்பாடு எவ்வளவு இருக்கிறது என்று நீங்களே எண்ணலாம். ஸ்டார்லிங் கூடும் இடத்தில் ஓர் அடி நீளம், ஓர் அடி அகலத்துக்கு மூன்று பக்கம் மண்வெட்டியால் வெட்டி, நான்காவது பக்கத்தைக் கீல் போல வைத்துப் புல்லைத் திருப்புங்கள். வெள்ளை உடம்பு, பழுப்புத் தலை, ‘சி’ போலச் சுருண்டு கிடக்கும். எண்ணுங்கள். நாலைந்து என்றால் திரும்ப மூடித் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போய்விடலாம். தெம்பான புல் அதைத் தாங்கும். ஒரு சதுர அடியில் எட்டு பத்துக்கு மேல் போனால்தான் வைத்தியம்.

இந்தப் புழுவில் பெரும்பங்கு ஜப்பானிய வண்டின் குட்டிகள். பளபளக்கும் பச்சை, செம்பு நிறச் சிறகு. ஜூலையில் ரோஜாச் செடியைச் சல்லடையாக்குவது இதுதான். அமெரிக்காவில் இது முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது 1916இல், நம் மாநிலத்திலேயே, ரிவர்டன் பக்கத்தில் ஒரு நாற்றுப்பண்ணையில். கிழங்குகளோடு ஒட்டிய மண்ணில் வந்திருக்கும் என்று நம்புகிறார்கள். அதற்கு ஜப்பானில் இருந்த எதிரிகள் இங்கே இல்லை. ஆனால் குட்டிக்கு வேண்டிய புல்தரை கண்ணுக்கெட்டிய தூரம் வரை இருந்தது. அப்புறம் என்ன. ஜூலையில் புல்லில் முட்டை, ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை வேரைத் தின்கிற குட்டிகள், குளிரில் ஆழத்துக்கு இறங்கிவிடும், வசந்தத்தில் மேலே வந்து இன்னொரு சுற்று சாப்பிட்டுவிட்டுக் கூட்டுப்புழு.

இப்போது மே மாதக் கடைசி. கையில் கிடைப்பது கொழுத்த, இன்னும் சில நாளில் கூடு கட்டப்போகிற புழு. அதன்மேல் மருந்து அடிப்பது கிளம்பிவிட்ட பஸ்ஸுக்குக் கை காட்டுவது. எண்ணிக்கை நிஜமாகவே அதிகமாக இருந்தால் அடுத்த தலைமுறைக்குத்தான் முன்னேற்பாடு செய்ய வேண்டும்: குளோரான்ட்ரனிலிப்ரோல் என்ற மருந்தை ஏப்ரலிலிருந்து ஜூன் ஆரம்பத்துக்குள் போட்டுத் தண்ணீர் விட வேண்டும். தேனீக்களுக்கு அதனால் ஆபத்து குறைவு. முன்பு எல்லோரும் தூவிய இமிடாகுளோபிரிட் வகையறாவை இப்போது வீட்டுக்காரர்கள் கடையில் வாங்கி அடிக்க முடியாது; 2022இல் வந்த மாநிலச் சட்டம் அதைக் கட்டுப்படுத்திவிட்டது. தேனீக்காகத்தான்.

இங்கே என் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் நானும் இரண்டு வருடம் ஒரு கம்பெனிக்குப் பணம் கட்டினேன். வந்தார்கள், அடித்தார்கள், மருந்தடித்ததற்கு அடையாளமாகச் சின்னக் கொடி நட்டுவிட்டுப் போனார்கள். புல் நுனியெல்லாம் வெளுத்து, தூரத்திலிருந்து பார்த்தால் சாம்பல் பூத்த மாதிரியே இருந்தது. ஒருநாள் நானே வெட்டிப் பார்த்தேன்: ஒரு சதுர அடிக்கு இரண்டு புழு. ஒரு புல்லைக் கிள்ளிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது நுனி வெட்டுப்பட்டிருக்கவில்லை, பிய்ந்து நார்நாராக இருந்தது. மோவர் வாங்கிய நாளிலிருந்து பிளேடைத் தீட்டவே இல்லை. வியாதி ஷெட்டில் இருந்தது, மருந்து யார்டில் விழுந்துகொண்டிருந்தது.

சரி, புல்லுக்கு வருவோம். நம் ஆட்களுக்கு இங்கே வரும் குழப்பம் ஒன்றுதான். நம் உடம்பில் ஊறிய பருவம் வேறு, இந்தப் புல்லின் பருவம் வேறு. கென்டக்கி ப்ளூகிராஸ், டால் ஃபெஸ்க்யூ, ரைகிராஸ் மூன்றும் குளிர்காலப் புற்கள். பனி விலகியதும் ஓடும், வெயில் ஏறினால் படுத்துவிடும், செப்டம்பரில் மறுபடி எழுந்து ஓடும். ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பது நமக்குத் தாய்ப்பாலோடு வந்த பாடம். இங்கே ஆடி என்றால் ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை, 90 டிகிரி ஃபாரன்ஹீட். ஆடியில் விதைத்தால் விதையும் போச்சு, தண்ணீர் பில்லும் ஏறும். என் மனைவிதான் ஒருநாள் சமையலறை நாள்காட்டியைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “உங்க புல்லுக்கு எல்லாமே நம்ம மாசத்துலயே வந்துடுது, கவனிச்சீங்களா?” அன்றிலிருந்து எனக்கு ஆப் தேவைப்படவில்லை.

சித்திரை பிறப்பதற்குள் கிராப்கிராஸ் என்ற களைப்புல் முளைக்காமலிருக்கப் போடும் மருந்தைப் போட்டுவிட வேண்டும், போடுவதாக இருந்தால். கிராப்கிராஸ் விதை மண்ணின் சூடு 55 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டுச் சில நாள் நின்றதும் முளைக்கத் தொடங்கும். தெருவில் ஃபோர்சித்தியாப் புதர்கள் மஞ்சளாகப் பூத்துக் கொட்டுவதற்கு முன் வேலை முடிந்திருக்க வேண்டும் என்பது இங்கே பெரியவர்கள் சொல்லும் கணக்கு; மத்திய ஜெர்சியில் அது ஏறக்குறைய நம் வருஷப்பிறப்போடு ஒத்துவரும். இந்த மருந்து நல்ல புல் விதையையும் முளைக்கவிடாது, அதனால் மருந்தும் விதையும் ஒரே வசந்தத்தில் கிடையாது. இந்த வருடம் அந்த நாள் போய்விட்டது. விடுங்கள். முளைத்ததைக் கையால் பிடுங்கலாம், முதல் உறைபனிக்கு அது தானாகச் சாகும்.

ஆடியில் புல் பழுப்பானால் பதறாதீர்கள். அது சாகவில்லை, தூங்குகிறது. ஒரு கொத்தைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். அடி இறுக்கமாகப் பிடித்திருந்தால் உயிர் இருக்கிறது. தலையில் விக் கழன்று வருவது போல மொத்தமாகக் கையோடு வந்தால் வேரை ஏதோ தின்றுவிட்டது. தூங்குகிற புல்லுக்கு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை அரை அங்குலத் தண்ணீர் போதும். பச்சையாகவே வைத்திருக்க ஆசைப்பட்டால் வாரத்துக்கு ஓர் அங்குலம், ஒன்றிரண்டு தடவையாக, விடியற்காலையில். ஓர் அங்குலம் எவ்வளவு என்று தெரிய ஒரு காலி டூனா டப்பாவை ஸ்பிரிங்க்ளர் அடிக்குமிடத்தில் வையுங்கள். நிரம்பியதும் நிறுத்துங்கள். சாயங்காலம் தண்ணீர் விடும் பழக்கம் ஊரில் மல்லிகைக்குச் சரி. இங்கே புழுக்கமான ராத்திரி முழுக்க ஈரத்தோடு நிற்கும் ஃபெஸ்க்யூவில் பூஞ்சை வந்து வட்டவட்டமாக அழுகும். உங்கள் திட்டுகளில் சில அதுவாகக்கூட இருக்கலாம்.

பிள்ளையார் சதுர்த்தி வந்தால் விதை. இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும். சதுர்த்தி எப்படியும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலிருந்து செப்டம்பர் மூன்றாம் வாரத்துக்குள் வந்துவிடும். இந்த ஊரில் புல் விதைக்கச் சிறந்த காலமும் அதேதான். மண் இன்னும் சூடாக இருக்கும், காற்று ஆறத் தொடங்கியிருக்கும், களை விதைகள் அடங்கியிருக்கும். மண் இறுகியிருந்தால் மண்ணில் துளை போடும் ஏரேட்டர் மெஷினை வாடகைக்கு எடுத்து ஒரு ஓட்டு ஓட்டிவிட்டு விதையைத் தூவுங்கள். ரைகிராஸ் ஒரு வாரத்துக்குள் தலைகாட்டும், ஃபெஸ்க்யூ அதன் பின்னால் வரும், கென்டக்கி ப்ளூகிராஸுக்கு இரண்டு மூன்று வாரம் பொறுக்க வேண்டும். உங்கள் மனைக்கு நான் சொல்வது டால் ஃபெஸ்க்யூ. வேர் ஆழமாகப் போகும், ஆடியைத் தாங்கும். இந்த விஷயத்தில் நமக்குப் பக்கத்திலேயே பெரிய ஆட்கள் இருந்திருக்கிறார்கள். ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் ரீட் ஃபங்க் சென்ட்ரல் பார்க்கில் மிதிபட்டும் உயிரோடு நின்ற ரைகிராஸ் செடிகளைச் சேகரித்து, அதிலிருந்து உருவாக்கிய ‘மன்ஹாட்டன்’ ரகம் 1967இல் வெளிவந்தது. மைதானங்களுக்கும் வீட்டுப் புல்வெளிக்கும் ரைகிராஸ் பெருகியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

ஐப்பசி முடிந்தால் உரம் கிடையாது. இது என் சொந்தக் கணக்கு மட்டுமல்ல, சட்டமும் கூட. 2011இல் நியூ ஜெர்சி கொண்டுவந்த உரச் சட்டப்படி நவம்பர் 15இலிருந்து மார்ச் 1 வரை வீட்டுக்காரர்கள் புல்லுக்கு உரம் போடக் கூடாது. மண் பரிசோதனை காட்டினாலோ, புதிதாக விதைத்தாலோ ஒழியப் பாஸ்பரஸ் கூடாது. நடைபாதையில் சிந்தினால் பெருக்கிப் புல்லுக்கே திருப்பித் தள்ள வேண்டும். பார்னெகட் வளைகுடாத் தண்ணீர் நம் எல்லோருடைய யார்டு உரமும் சேர்ந்து பாசி பிடித்துப்போனதுதான் இதற்குப் பின்னணி. வருடத்தில் ஒரே ஒரு தடவைதான் உரம் போடுவீர்கள் என்றால் அதைப் புரட்டாசியில் போடுங்கள். வசந்தத்தில் போடும் உரம் இலைக்குப் போகும், நீங்கள் வாரம் இருமுறை வெட்டுவீர்கள். புரட்டாசியில் போட்டது வேருக்குப் போகும். அதற்கு முன் ரட்கர்ஸ் மண் பரிசோதனைக் கூடத்துக்கு ஒரு பை மண் அனுப்புங்கள். குடும்பத்தோடு பீட்சா சாப்பிடுகிற செலவுகூட ஆகாது. இந்தப் பக்கத்து மண் பொதுவாகப் புளிப்பு. பாதிப் பேருக்கு உரத்தைவிடச் சுண்ணாம்புதான் தேவை என்று அறிக்கை வரும்.

மோவரைப் பற்றி ஒரே ஒரு விஷயம். அதன் உயர நெம்புகோலை மூன்றரை அங்குலத்தில் வைத்துவிட்டு, அப்புறம் மறந்துவிடுங்கள். நம்மவர்கள் கிரிக்கெட் பிட்ச் மாதிரி ஒட்ட வெட்டினால் இரண்டு வாரத்துக்கு வேலை மிச்சம் என்று நினைக்கிறோம். நானும் நினைத்தேன். ஒன்றரை அங்குலத்தில் வெட்டிய அந்த ஜூனில் வெயில் நேராக மண்ணில் விழுந்து, ஆகஸ்டுக்குள் பாதி யார்டு கிராப்கிராஸ். உயரமான புல் தன் நிழலிலேயே களையை முளைக்கவிடாது, வேரும் அதே அளவு ஆழம் போகும். ஒரு வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள், வெட்டிய தூளை அள்ளாதீர்கள். அது ஒரு வருடத்துக்கு வேண்டிய நைட்ரஜனில் ஏறக்குறைய கால் பங்கைத் திருப்பிக் கொடுக்கிறது; அதைப் பையில் கட்டித் தெருவில் வைத்துவிட்டுக் கடைக்குப் போய் வேறு பை வாங்கிவருகிறோம். மே மாதத்தில் வாரம் ஒருமுறை, ஜூன் பாதிக்கு மேல் பத்து நாள், இரண்டு வாரம் என்று தள்ளிப்போடலாம். மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டில் 16 வீடுகளில் இதை ஒப்பிட்டுப் பார்த்து 2018இல் வெளியிட்டார்கள்: இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெட்டிய இடங்களில்தான் தேனீக்கள் அதிகம். உங்கள் சனிக்கிழமையில் பாதி இங்கேயே திரும்பக் கிடைத்துவிட்டது.

க்ளோவரைக் களை என்று சொல்லி உங்களை யாராவது பயமுறுத்தியிருப்பார்கள். வெள்ளைப் பூவோடு மூன்றிலை. அது காற்றின் நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்குக் கொடுக்கிற அவரைக் குடும்பத்துச் செடி. ஒரு காலத்தில் புல் விதைப் பையிலேயே கலந்து விற்றார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அகலிலைக் களைக்கொல்லி வந்தது; அது க்ளோவரையும் சேர்த்துக் கொன்றது; அதிலிருந்துதான் க்ளோவர் களை ஆகிப்போனது. நான் விட்டுவைத்திருக்கிறேன். முயலும் புல்லைவிட அதைத்தான் விரும்பித் தின்கிறது.

முயல் என்றதும் ஞாபகம் வருகிறது. இதை மட்டும் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள், ஏனென்றால் நீங்கள் மோவர் தள்ளும் மாதம் இது. காட்டன்டெயில் முயல் வளை தோண்டாது. உங்கள் லானின் நட்டநடுவில், உள்ளங்கை அளவுக்கு ஒரு குழி பறித்து, தன் மார்பு மயிரைப் பிடுங்கிப் பரப்பி, குட்டி போட்டு, மேலே காய்ந்த புல்லால் மூடிவிட்டுப் போய்விடும். நின்று பார்த்தால் செத்த புல் திட்டு போலத்தான் தெரியும். எனக்கு அது தெரியாது. சில வருடம் முன்பு ஒரு சனிக்கிழமை, காபி இரண்டாவது சுற்று. விடிந்தும் விடியாத நேரத்தில் ஒரு முயல் அந்தத் திட்டின்மேல் சில நிமிடம் அசையாமல் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனது. மேயவில்லை. ஒன்றும் செய்யவில்லை. சும்மா உட்கார்ந்தது. போய்க் குச்சியால் விலக்கினால், சாம்பல் நிற மயிர்ப் படுக்கை, அதற்குள் நாலு குட்டி, நெற்றியில் வெள்ளைப் பொட்டு, ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கிடக்க எல்லாம் ஒரே மூச்சாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. பத்து மணிக்கு மோவர் அந்த வரிசையில்தான் வந்திருக்கும்.

தாய் கைவிட்டுவிட்டது என்று நினைத்து வீட்டுக்குள் தூக்கிவராதீர்கள், குழந்தைகள் எவ்வளவு அழுதாலும். தாய் பக்கத்தில் இருந்தால் நரிக்கு வாசனை காட்டிக்கொடுக்கும் என்று பகல் முழுக்க அது தள்ளியே இருக்கும். விடியலிலும் அந்தியிலும் மட்டும் வந்து பால் கொடுக்கும். சந்தேகமாக இருந்தால் குழியின்மேல் நூல் துண்டுகளைக் கட்டம் போட்ட மாதிரி வைத்துவிட்டு மறுநாள் காலை பாருங்கள். கலைந்திருந்தால் அம்மா வந்துபோயிருக்கிறாள். பிறந்த மூன்று வாரத்தில் டென்னிஸ் பந்து அளவில் தாமாகவே கிளம்பிவிடும். அதுவரை ஒரு குச்சி நட்டு அதைச் சுற்றிப் பத்தடி வெட்டாமல் விடுங்கள். மோவர் எடுப்பதற்கு முன் யார்டை ஒருமுறை நடந்து பார்ப்பது என் வழக்கம். பாதி கல்லுக்காக, பாதி இதற்காக.

மானைப் பற்றிச் சுருக்கமாக: எட்டடி வேலி போட மனமில்லை என்றால் ஹோஸ்டாவையும் ட்யூலிப்பையும் மறந்துவிடுங்கள். வளை தோண்டி வாழும் க்ரவுண்ட்ஹாக்கைப் பற்றி இன்னும் சுருக்கமாக: அவரை, வெண்டை போட்டால் கம்பி வலையை ஓரடி மண்ணுக்குள் இறக்கி வெளிப்பக்கம் மடக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் அவருக்காகத்தான் பயிரிடுகிறீர்கள்.

புல்லுக்கடியில் மேடு மேடாக ஓடுகிற சுரங்கம் மோல் வேலை. இது எலி அல்ல, மூஞ்சூறின் தூரத்துச் சொந்தம். வேரைத் தின்னாது, மண்புழுவும் வெள்ளைப்புழுவும்தான் ஆகாரம். காலால் மிதித்துச் சமப்படுத்திவிட்டுப் போகலாம். பனி உருகியதும் புல்லின் மேற்பரப்பில் கோடு கோடாகக் கடித்த தடம் தெரிந்தால் அது வோல், அதுதான் எலி வகை, இளமரங்களின் பட்டையையும் கடிக்கும்.

மூஞ்சூறு வந்துவிட்டதால் சொல்கிறேன், இந்த ஊர் பேக்யார்டு ஒருவகையில் பிள்ளையார் இடம். பூப்பாத்தி ஓரத்தில் கம்பி மாதிரி ஓடி, பக்கத்து வீட்டு அமெரிக்கர் பல்லைக் கடித்துக்கொண்டு பிடுங்கும் ‘வயர்கிராஸ்’ நம் அருகம்புல்லேதான். ஜார்ஜியா, டெக்சாஸ் பக்கம் பெர்முடா என்று பெயர் சொல்லி விதை வாங்கி வளர்க்கிறார்கள். இங்கே முதல் உறைபனிக்கே வைக்கோல் நிறமாகிவிடுவதால் களை. நான் வேலி ஓரத்தில் ஒரு முழம் விட்டுவைத்திருக்கிறேன். சதுர்த்தியன்று 21 அருகுக்குக் கடை கடையாக ஏற வேண்டியதில்லை. அப்புறம் மோனார்க் வண்ணத்துப்பூச்சி முட்டையிடும் ஒரே செடியினமான மில்க்வீட், நம் எருக்கின் உறவு. கிள்ளினால் அதே பால், காய் வெடித்தால் அதே பஞ்சு. ஊரில் எருக்கைத் தின்று வளரும் வண்ணத்துப்பூச்சியும் மோனார்க்கும் ஒரே சாதிதான். மரங்களுக்கு முன்னால் வெயில் படும் இடத்தில் மூன்று நான்கு மில்க்வீட் வையுங்கள். அந்த அளவுக்கு வெட்டுகிற புல் குறையும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

உண்ணி மட்டும் விளையாட்டு இல்லை. மான் உண்ணியின் இளம்பருவம் மேயிலிருந்து ஜூலை வரை; அளவு கசகசா. லைம் நோய் இதன் மூலம்தான் பெரும்பாலும் வருகிறது. பெயர் கனெக்டிகட்டின் லைம் என்ற ஊரிலிருந்து வந்தது. நன்றாக வெயில்படும் புல்லின் நடுவில் உண்ணி குறைவு; மரமும் புல்லும் சேரும் ஓரத்திலும் சருகிலும்தான் இருக்கும். அந்த எல்லையில் மூன்றடி அகலத்துக்கு மரச்சில்லுகளைப் பரப்பிவிடுங்கள், ஊஞ்சலை ஓரத்திலிருந்து நடுவுக்குக் கொண்டுவாருங்கள். யார்டிலிருந்து வந்ததும் குளித்து, குழந்தைகளின் காதுமடல் பின்புறம், அக்குள், முழங்கால் மடிப்பு எல்லாம் பாருங்கள். ஒட்டியிருந்தால் நுனி கூரான இடுக்கியால் தோலுக்கு நெருக்கமாகப் பிடித்து நேராக இழுங்கள். எண்ணெய், தீக்குச்சி எதுவும் வேண்டாம். ஒரு நாளுக்குள் எடுத்துவிட்டால் நோய் தொற்றும் வாய்ப்பு மிகவும் குறைவு.

அந்த ஓரத்துச் சருகை முழுக்கச் சுரண்டி எடுத்துவிடாதீர்கள் என்றும் சொல்வேன், முரணாகத் தோன்றினாலும். வீட்டுப் பக்கம் சுத்தம், மரத்தடியில் சருகு. மின்மினியின் குட்டி அந்த ஈரச் சருகிலும் மண்ணிலும்தான் ஒன்று இரண்டு வருடம் நத்தையையும் புழுவையும் தின்று வளர்கிறது. ஜூன் கடைசியில் அந்தி சாயும்போது இடுப்பு உயரத்தில் ஆங்கில ‘ஜே’ எழுத்து போல ஒளி கீழிறங்கி மேலேறினால் அது ஆண். புல்நுனியில் உட்கார்ந்து இரண்டு விநாடி கழித்துப் பதில் சொல்வது பெண். பின்பக்க விளக்கு எரிந்துகொண்டிருந்தால் அந்தப் பேச்சு நடக்காது. வருடத்துக்கு ஆறு தடவை மருந்து அடித்தால் பேச ஆளே இருக்காது.

இனி அந்த ஒப்பந்தக்காரர். மறுபடி வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். என் லானில் சதுர அடிக்கு எத்தனை புழு எண்ணினீர்கள்? மண் பரிசோதனை எப்போது எடுத்தீர்கள்? கடைசி உரம் எந்தத் தேதியில்? முதல் இரண்டுக்கும் பதில் இல்லாமல் மூன்றாவதுக்கு டிசம்பர் என்றால் கதவைச் சாத்திவிடலாம். உரிமம் உள்ள ஆட்களுக்குமே டிசம்பர் 1இலிருந்து உரத்துக்குத் தடை. ஒழுங்காகப் பதில் சொல்கிற ஆளாக இருந்தால் செப்டம்பரில் ஏரேஷனுக்கும் விதைக்கும் மட்டும் கூப்பிடுங்கள், அந்த மெஷினை வேனில் ஏற்றி இறக்குவது முதுகுக்கு ஆகாது. பிளேடு தீட்டுவதைப் பக்கத்து ஹார்டுவேர் கடையில் செய்துதருவார்கள். கழற்றும் முன் ஸ்பார்க் பிளக் வயரை எடுத்துவிடுங்கள்.